தராசுக்கு மேலே மின்விசிறி

அந்த வேலைக்கு அவள் விண்ணப்பிக்கவே இல்லை. சந்தேகப்பட அது ஒன்றே போதும். வீட்டிலோ அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள்.

“நாம கேக்காமலே கூப்பிடறான்னா சும்மாவா? பெரிய இடம்னா அப்படித்தான்,” என்றார் அத்தான்.

அத்தான் அக்காவின் கணவர். கார் ஓட்டப் பழக்கும் பள்ளி நடத்துகிறார். பதினைந்து வருடமாக மற்றவர்கள் ஓட்ட, பக்கத்து இருக்கையில் தனக்கென்று ஒரு பிரேக் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில், உலகத்தில் எல்லோரும் தன் அனுமதியோடுதான் நகர்கிறார்கள் என்று அவருக்கு ஓர் எண்ணம். வீட்டில் யாராவது வாயெடுத்தால் அவர் கால் தரையை ஓர் அழுத்து அழுத்தும். பேச்சு நின்றுவிடும். அவள் பேச்சை நிறுத்த அவ்வளவு சிரமம்கூட வேண்டியதில்லை. வீட்டில் அவளைப் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். அறைக்குள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அவள் வேதியியலில் பட்டம் வாங்கிய சங்கதியே, சான்றிதழ் தபாலில் வந்தபோதுதான் பாதி உறவினருக்குத் தெரிந்தது.

அத்தானிடம் ஓட்டப் பழக வந்த யாரோ ஒருவர், “உங்க வீட்டுல சயின்ஸ் படிச்சவங்க இருக்காங்களா?” என்று கேட்டிருக்கிறார். அத்தான் உடனே அவளுடைய மதிப்பெண் பட்டியல்வரை செல்போனில் அனுப்பிவிட்டார். இரண்டே நாளில் நியமனக் கடிதம் வந்தது. தேர்வு இல்லை, நேர்காணல் இல்லை. பதவியின் பெயர் ‘முதுநிலைத் தர விஞ்ஞானி.’ கடிதம் அவளைத் ‘திரு’ என்று அழைத்தது. எழுதிய தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. அனுப்பிய மின்னஞ்சல், பள்ளிப் பிள்ளைகள் விளையாட்டுக்காக இலவசமாகத் திறந்து வைத்துக்கொள்ளும் வகை. போட்டிருந்த சம்பளம், முனைவர் பட்டமும் பதினெட்டு வருட அனுபவமும் உள்ள அவளுடைய கல்லூரிப் பேராசிரியை வாங்கியதைப்போல் மூன்று மடங்கு.

“இதுல ஆபீஸ் போன் நம்பரே இல்லை அத்தான். வெறும் செல் நம்பர்தான் இருக்கு.”

“இந்தக் காலத்துல யாரும்மா தரைவழி போன் வச்சிருக்கா? உங்க அக்காவையே நான் செல்போன்லதான் கண்டுபிடிக்கிறேன்.”

அக்கா சிரித்தாள். அம்மா, “அத்தான் உன் நல்லதுக்குத்தானே சொல்றாரு,” என்றாள். அதோடு விவாதம் முடிந்தது.

அவள் கையில் இன்னொரு கடிதமும் இருந்தது. அதைப் பற்றி யாரும் பெருமைப்படவில்லை. குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆய்வக உதவியாளர் வேலை. தற்காலிகம். காலை ஆறு மணிக்குப் போக வேண்டும், தொட்டி தொட்டியாகத் தண்ணீர் எடுத்து வந்து சோதிக்க வேண்டும். சம்பளத்தைச் சொன்னபோது அக்கா, “மாசத்துக்கா, வாரத்துக்கா?” என்று கேட்டாள். ஆனால் அந்த வேலைக்கு அவள் தேர்வு எழுதியிருந்தாள். நேர்காணலில் இருவர் உட்கார்ந்து குளோரினைப் பற்றி இருபது நிமிடம் குடைந்திருந்தார்கள். பிறகு இரண்டு மாதம் காக்க வைத்து, போனால் போகிறது என்பதுபோல ஒரு கடிதம் அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அசல் சான்றிதழ்களை நேரில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

பெரிய கம்பெனியும் அதே வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தது. அசல் சான்றிதழ்களோடு.

“காலையில அங்க போயிட்டு, சாயந்திரம் தண்ணி ஆபீசுக்குப் போறேன் அத்தான்.”

“தண்ணி புடிக்கிறதுக்கு எதுக்கும்மா டிகிரி? அது தேவையே படாது. பாரேன்,” என்றார் அத்தான்.

*

டைல்ஸ் கடை ஒன்றின் மேல், இரண்டாவது மாடியில் அந்த அலுவலகம் இருந்தது. அத்தானும் கூடவே வந்தார். படியேறும்போதே புது வண்ணப்பூச்சு வாடை. பெயர்ப்பலகையின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை இன்னும் முழுதாக உரிக்கவில்லை. உள்ளே வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், அவற்றில் அவளைப்போலவே மடியில் ஃபைலோடு பதினோரு பேர். எல்லோரும் முதல் நாள் வகுப்புக்கு வந்தவர்கள்போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் கால்களை எங்கே வைப்பது என்று தெரியாத ஒரு நெட்டையன். அவனுக்கு அந்தப் பக்கம், சாப்பாட்டுப் பையை ஃபைலைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்.

வரவேற்பு மேசையில் இருந்தவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் ஒரு சாவி வளையம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஃபைலை வாங்கி, பின்னாலிருந்த இரும்புப் பீரோவில் வைத்து, ஒரு சீட்டு கொடுத்தாள். சீட்டில் ‘ஃபைல் - 1’ என்று பேனாவால் எழுதியிருந்தது. முத்திரை இல்லை, கையெழுத்து இல்லை. துணி தேய்க்கப் போட்டால்கூட இதைவிட நல்ல சீட்டு கொடுப்பார்கள்.

“பார்த்துட்டு உடனே குடுத்துருவீங்களா?” என்று பூனை கேட்டாள். கேட்டது மேசையின் விளிம்பைத் தாண்டவில்லை.

“என்ன?”

“ஒரிஜினல். சாயந்திரம் எனக்கு வேற ஒரு இடத்துல...”

“குடும்மா!” பின்னாலிருந்து அத்தான் எட்டி, அவள் கையிலிருந்த ஃபைலை உருவி மேசைமேல் வைத்தார். “முதல் நாளே வேற இடம், வேற இடம்னா என்ன நினைப்பாங்க?” வரவேற்பு மேசைக்காரியைப் பார்த்துச் சிரித்தார். “கொஞ்சம் கூச்ச சுபாவம். சயின்டிஸ்ட்டு இல்லையா!”

பீரோ கதவு மூடியது. சாவி திரும்பியது. மூன்று வருடப் படிப்பு, பத்தாம் வகுப்பிலிருந்து சேர்த்த தாள்கள் எல்லாம், ஐந்து விநாடியில், பிரேக்குக்காரர் ஒருவர் கைங்கரியத்தில் உள்ளே போய்விட்டன. மணி பத்தே கால்.

மேலாளர் வந்தார். சிவப்பு டை கட்டியிருந்தார். டையைத் தவிர அவரிடம் நினைவில் வைத்துக்கொள்ள எதுவும் இல்லை. வரவேற்புரையில் ‘சர்வதேச’ என்ற சொல் ஒன்பது முறை வந்தது. எந்த நாடு என்று ஒரு முறையும் வரவில்லை. பிறகு, “வாங்க, நம்ம லேபைப் பாருங்க. பார்த்தா ஆடிப் போயிடுவீங்க,” என்று எல்லோரையும் ஒரு கண்ணாடித் தடுப்பின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

“உள்ள போக அனுமதி இல்லை. கிருமி வந்துடும். இங்க நின்னே பாருங்க.”

பார்த்தார்கள்.

குடுவைகளில் சிவப்பு, பச்சை, நீலம் என்று தண்ணீர். கல்யாண மண்டபத்தில் பழரசம் வைப்பதுபோல உயர வரிசையில் அடுக்கியிருந்தது. அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். மீட்டரின் மின்முனை, மூடி இல்லாமல், எலும்பாகக் காய்ந்து தொங்கியது. அதை ஈரத்திலேயே வைத்திருக்க வேண்டும். ஒரு நாள் காயவிட்ட குற்றத்துக்குக் கல்லூரி ஆய்வக உதவியாளர் ஒரு மாணவனை வாரம் முழுக்கச் சோதனைக் குழாய் கழுவ விட்டிருக்கிறார். ஆணியில் தொங்கிய வெள்ளைக் கோட்டுகளில் கடை மடிப்பு அப்படியே இருந்தது.

நடு மேசையில் ஒரு நுண்தராசு. ஒரு துளி கண்ணீரை எடை போடும் கருவி. எதிரில் நின்று மூச்சுவிட்டாலே எண்கள் மாறும். அதனால்தான் அதற்குக் கண்ணாடிக் கூண்டு. இங்கே கூண்டின் கதவு ஆவென்று திறந்திருந்தது. அதற்கு நேர் மேலே, முழு வேகத்தில், மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் முதலில் உணர்ந்தது பயம் அல்ல, அவமானம். ஏமாற்ற வந்தவர்கள் இவ்வளவு சோம்பேறிகளா? ஒரு பள்ளிக்கூடப் புத்தகத்தை வாங்கி நான்கு படம் பார்த்திருந்தால் போதும். அந்தச் சிரமத்துக்குக்கூட நம்மைத் தகுதியாக நினைக்கவில்லையே. பெட்டிக்கடையில் கிழிந்த நோட்டைத் தள்ளிவிடுகிறவன்கூட மடித்துத்தான் தருவான்.

“சார்,” என்றாள். “தராசுக்கு மேல ஃபேன் ஓடுது.”

“ஆமா. காத்தோட்டம் வேணும்ல,” என்றார் டை. “அது இம்போர்ட்டட்மா. விலை கேட்டா மயக்கமே வந்துடும்.”

அவள் மற்றவர்களைப் பார்த்தாள். எல்லோரும் அறிவியல் படித்தவர்கள். நெட்டையன் மின்விசிறியைப் பார்த்தான், தராசைப் பார்த்தான், பிறகு தன் செருப்பைப் பார்த்தான். சாப்பாட்டுப் பைக்காரி எதையும் பார்க்காமல் சுவரைப் படித்துக்கொண்டிருந்தாள். அத்தான் மட்டும், “அடேயப்பா, நாசா மாதிரி இருக்கே!” என்றார்.

*

நாற்காலிக்குத் திரும்பியதும் ஆளுக்கொரு தாள் வந்தது. ஒப்பந்தம். இரண்டு வருடம் வேலை செய்ய வேண்டும், அதுவரை அசல் சான்றிதழ்கள் கம்பெனியின் ‘பாதுகாப்பில்’ இருக்கும். நடுவில் போக விரும்புகிறவர்கள் ஆறு மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகையைப் ‘பயிற்சிச் செலவாக’க் கட்டி மீட்டுக்கொள்ளலாம். அவள் இரண்டு முறை படித்தாள். பிறகுதான் வியாபாரம் புரிந்தது. இவர்கள் வேலை கொடுக்கப் போவதில்லை. நம் பொருளையே வாங்கி வைத்துக்கொண்டு நமக்கே விற்கப் போகிறார்கள். அதற்குத்தான் இந்த டை, இந்தக் கலர் தண்ணீர் எல்லாம்.

சுற்றிலும் பேனா மூடிகள் திறக்கும் சத்தம்.

“நீங்க பார்த்தீங்கதானே?” என்று நெட்டையனிடம் கிசுகிசுத்தாள்.

“எதை?”

“ஃபேனை.”

அவன் பெருமூச்சு விட்டான். “ஃபேன் மட்டுமா? மைக்ராஸ்கோப்புல லென்ஸ் மூடியே கழட்டலை.”

அந்தப் பக்கத்திலிருந்து சாப்பாட்டுப் பைக்காரி தலையை நீட்டினாள். “ஆசிட் பாட்டிலைத் தலைக்கு மேல தட்டுல வச்சிருக்காங்க. கைகழுவத் தொட்டி இருக்கு, குழாயே இல்லை.”

“அப்புறம் ஏன் சும்மா இருந்தீங்க?”

“நீங்க மட்டும்?” என்றான் நெட்டையன். “பெரிய கம்பெனி, வேற முறை ஏதாவது இருக்கும்னு நினைச்சேன். எனக்கு ஒண்ணரை வருசமா வேலை இல்லைங்க. ஃபேனைப் பார்த்துட்டு எந்திரிச்சுப் போனேன்னு வீட்டுல எப்படிச் சொல்றது?”

அவளுக்கு எரிச்சலாக வந்தது, தன்மேலும் சேர்த்து. கல்லூரிச் செய்முறை நோட்டில் சோதனை, காண்பது, அறிவது என்று மூன்று கட்டம் போட்டு மூன்று வருடம் எழுதியவர்கள். காண்பது கட்டத்தைப் பன்னிரண்டு பேரும் அழகாக நிரப்பிவிட்டார்கள். அறிவது கட்டத்துக்கு வந்ததும் கை ஒடிந்துவிட்டது. அத்தானுக்காவது தராசைப் பற்றித் தெரியாது. தெரியாமல் ஏமாறுகிறவரைக் கேலி செய்யலாம். தெரிந்தே வரிசையில் நிற்கிறவர்களை என்னவென்று சொல்வது?

எழுந்து வரவேற்பு மேசைக்குப் போனாள்.

“என் ஃபைல் வேணும்.”

“இப்ப தர முடியாது. சார் சொல்லணும்.”

“அது என்னோடது.”

“எல்லாரோடதும் அங்கதான் இருக்கு. என்னோடதும்தான்,” என்றாள் மேசைக்காரி. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நானும் உங்களை மாதிரி வந்தவதான். மூணு வாரம் ஆச்சு. லேப் ரெடியாகற வரைக்கும் இங்க உக்காருன்னாங்க.”

“சம்பளம் குடுத்தாங்களா?”

அவள் சாவி வளையத்தைத் திருகினாள்.

“என்னம்மா கலாட்டா?” அத்தான் வந்துவிட்டார். அவர் கால் தரையை அழுத்தியது. “உக்காரு. கையெழுத்துப் போடு. மானத்தை வாங்காதே.”

இத்தனை வருடத்தில் முதல்முறையாக அந்தக் கால் அவளுக்கு வேடிக்கையாகத் தெரிந்தது. அடியில் பிரேக் இல்லை. வெறும் தரை.

அவள் திரும்பி, நாற்காலிகளைப் பார்த்து, தன் வாழ்க்கையில் அதுவரை பேசியதிலேயே சத்தமான வாக்கியத்தைப் பேசினாள்.

“அந்தத் தராசுக்கு மேல ஃபேன் ஓடுது!”

கேட்கப் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்தது. அத்தான் மேலே பார்த்தார், வரவேற்பறையில் மின்விசிறியே இல்லை. ஆனால் பதினோரு பேனாக்கள் நின்றன. அந்த வாக்கியம் யாருக்குப் புரிய வேண்டுமோ அவர்களுக்குப் புரிந்தது.

டை வேகமாக வந்தார். “என்னம்மா பிரச்சினை உனக்கு? விருப்பம் இல்லைன்னா வேற ஆளுக்கு வாய்ப்பு போகும். வெளிய நூறு பேர் காத்திருக்கான்.”

“ஒண்ணும் இல்லைங்க. எதையாவது எடை போட்டுக் காட்டுங்க. உப்பு போதும்.”

“அதுக்கெல்லாம் விஞ்ஞானி இருக்காங்க. அவங்க இன்னிக்கு லீவு.”

“முதுநிலை விஞ்ஞானி நான்தானுங்களே,” என்றாள். கடிதத்தை எடுத்து நீட்டினாள். “இதுல நீங்களே போட்டிருக்கீங்க. இன்னையிலிருந்து வேலை. கதவைத் திறங்க, நானே எடை போடறேன்.”

யாரோ சிரித்தார்கள். நெட்டையன் எழுந்தான். “நானும் முதுநிலை விஞ்ஞானிதாங்க. என் லெட்டர்லயும் அதான் இருக்கு.” “எனக்கும்” என்றாள் சாப்பாட்டுப் பைக்காரி. கடிதங்கள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. பன்னிரண்டு முதுநிலை விஞ்ஞானிகள். இளநிலைக்கு ஓர் ஆள்கூட இல்லை.

“கிருமி...” என்று டை ஆரம்பித்தார்.

“கதவுல பூட்டே இல்லைங்க,” என்று மேசைக்காரி, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

உள்ளே போனார்கள். அவள் தராசின் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினாள். நெட்டையன் குனிந்து மின்கம்பியைப் பிடித்துக்கொண்டே போனான். கம்பி மேசையின் பின்பக்கம் இறங்கி, பாதி வழியில், வெட்டிய நுனியோடு முடிந்தது. பிளக்கே கிடையாது. அவன் தராசை ஒரு கையால் தூக்கினான். காலி டிபன் பெட்டிபோல வந்தது.

“உள்ளயும் ஒண்ணும் இல்லை,” என்றான்.

டை செல்போனைக் காதில் வைத்துக்கொண்டார். “ஹெட் ஆபீஸ்ல பேசிட்டு வரேன். யாரும் எதையும் தொடாதீங்க,” என்று சொல்லியபடி மாடிப்படிப் பக்கம் நடந்தார். செல்போன் திரை இருட்டாகவே இருந்தது. பிறகு படியில் செருப்புச் சத்தம், முதலில் நடையாக, அப்புறம் ஓட்டமாக. போகிற போக்கிலும் ஒரு நல்ல பொய் சொல்லத் துப்பில்லை.

மேசைக்காரி பீரோவைத் திறந்தாள். யாரும் வரிசையில் நிற்கவில்லை. அவரவர் ஃபைலை அவரவர் பிடுங்கிக்கொண்டு, நன்றி என்று ஒரு வார்த்தைகூட இல்லாமல், பள்ளி மணி அடித்ததுபோலப் படியில் இறங்கினார்கள். அவர்களில் ஒருவன் போகும்போது பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றையும் தூக்கிக்கொண்டு போனான். பூனை தன்னுடையதை வாங்கி அங்கேயே பிரித்துப் பார்த்தாள். எல்லாம் இருந்தன.

மேசைக்காரி இன்னும் பீரோவுக்குள் தேடிக்கொண்டிருந்தாள். மேல் தட்டு, நடுத் தட்டு, கீழ்த் தட்டு. பழைய செய்தித்தாள் விரிப்பையும் தூக்கிப் பார்த்தாள். அவளுடையது இல்லை. அவளோடு மூன்று வாரத்துக்கு முன் வந்தவர்களுடைய ஃபைல்களும் இல்லை.

“சாவி என்கிட்டதான் இருந்துச்சு,” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். “எப்பவும் என்கிட்டதான் இருந்துச்சு.”

“அவன்கிட்ட இன்னொண்ணு இருந்திருக்கும்,” என்றாள் பூனை. இதைவிட ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம், வரவில்லை. “இப்பவே போலீஸ்ல எழுதிக் குடுத்துடுங்க. அந்தக் காகிதம் இருந்தாதான் யுனிவர்சிட்டியில நகல் தருவாங்க. அந்தாளு நம்பர், லெட்டர், சீட்டு எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க. தராசையும் போட்டோ எடுத்துக்குங்க.”

“நான் கூடப் போறேன்,” என்றான் நெட்டையன். “நான் பார்த்தப்பவே சொல்லியிருக்கணும்.”

ஆமாம், சொல்லியிருக்க வேண்டும். அவள் அவனை மறுத்துச் சமாதானம் சொல்லவில்லை. தன் கடிதத்தின் பின்புறம் செல்போன் எண்ணை எழுதி மேசைக்காரியிடம் கொடுத்தாள். “சாட்சி வேணும்னா கூப்பிடுங்க. நாளைக்கு வரேன்.”

*

காரில் ஏறிய பத்தாவது நிமிடம் அத்தானுக்கு உயிர் வந்தது.

“அந்தாளு டை கட்டியிருந்த விதத்தைப் பார்த்தப்பவே நினைச்சேன்,” என்றார். “நீ என்ன பண்றேன்னு பார்க்கத்தான் சும்மா இருந்தேன்.”

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வீட்டுல இதையெல்லாம் பெரிசா சொல்ல வேண்டாம். அம்மா பயந்துடுவாங்க. நாம ரெண்டு பேரும் சந்தேகப்பட்டோம், ஃபைலை வாங்கிட்டு வந்துட்டோம். அவ்வளவுதான்.”

“ஃபைலைக் குடுத்தது நீங்க,” என்றாள் அவள். “வாங்கினது நான்.”

“அட, அதைத்தானே சொல்றேன். ரெண்டு பேரும்னு!”

இவரைத் திருத்த ஆயுள் போதாது. அவள் மணி பார்த்தாள். ஒன்றே முக்கால். “தண்ணி ஆபீசுக்கு விடுங்க.”

“சாப்பிட்டுட்டு...”

“விடுங்க அத்தான்.”

விட்டார். வண்டி நிறுத்த இடமில்லை என்று சொல்லி வெளியிலேயே இருந்துகொண்டார்.

சுத்திகரிப்பு நிலையத்தின் அலுவலகம் ஈரச் சுவரும் குளோரின் வாடையுமாக இருந்தது. எங்கேயும் ‘சர்வதேச’ என்று எழுதியிருக்கவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா கடிதத்தை ஒரு கண்ணால் பார்த்தார். மற்றக் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. யாரையும் வரவேற்கும் எண்ணம் அவருக்கு இல்லை. இது உண்மையான வேலைதான் என்று அவளுக்கு அப்போது முழு நிச்சயமானது.

“ஒரிஜினலைக் குடு.”

ஃபைலைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். கையை எடுக்கவில்லை.

“விடும்மா. வச்சுட்டுப் போ. அதிகாரி உள்ள தொட்டிப் பக்கம் போயிருக்காரு. அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் திங்கக்கிழமை வந்து வாங்கிக்க.”

“வச்சுட்டுப் போக முடியாதுங்க. நகல் ஒரு செட் வச்சிருக்கேன், அதை வச்சுக்குங்க. ஒரிஜினலை நான் இருக்கும்போதே பார்த்துட்டுக் குடுத்துடுங்க.”

குமாஸ்தா முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். “இது கவர்ன்மென்ட் ஆபீசும்மா. உன் காகிதத்தை வச்சுக்கிட்டு நாங்க என்ன ஓடியா போயிடுவோம்?”

“தெரியலைங்க.”

“தெரியலையா? எங்க மேல நம்பிக்கை இல்லைங்கறியா?”

பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். நேற்றாக இருந்தால் இந்நேரம் ஃபைல் உள்ளே போயிருக்கும், அவளும் வெளியே போயிருப்பாள்.

“இல்லைங்க,” என்றாள். “லெட்டர்ல ‘நேரில் காட்ட வேண்டும்’னுதான் போட்டிருக்கு. ‘ஒப்படைக்க வேண்டும்’னு இல்லை. அவர் வர்ற வரைக்கும் நிக்கிறேன்.”

“நாலு மணிக்கு ஜன்னலை மூடிடுவேன்.”

“அதுக்குள்ள கூப்பிட்டீங்கன்னா வந்துடுவாரு.”

அவர் நாற்காலியை ஓசையோடு தள்ளி, போனை எடுத்து, அவளுக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். “சார், ஒரு பொண்ணு வந்து நிக்குது. தண்ணி டெஸ்ட் பண்ண வந்திருக்கா, நம்மளை டெஸ்ட் பண்ண வந்திருக்கான்னு தெரியலை.”

அதிகாரி வர முக்கால் மணி நேரம் ஆனது. நனைந்த ரப்பர் பூட்ஸோடு வந்தார். நின்றபடியே ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நகலோடு ஒப்பிட்டு, நகலில் கையெழுத்துப் போட்டார். அசலை அவளிடமே நீட்டினார்.

“திங்கக்கிழமை காலையில ஆறு மணி. லேட்டா வந்தா தொட்டி காத்திருக்காது.”

“வந்துடுவேங்க.”

அதிகாரி போனதும் குமாஸ்தா பக்கத்து மேசைக்காரரிடம் திரும்பினார். “இப்ப வர்றதுங்க எல்லாம் நம்மளையே திருடனைப் பார்க்கிற மாதிரி பார்க்குதுங்க.”

அவள் நகரவில்லை. ஜன்னல் விளிம்பில் ஃபைலை வைத்து, அவர் கண்ணெதிரிலேயே, தாள்களை ஒவ்வொன்றாக எண்ணி உள்ளே அடுக்கினாள். பின்னால் நின்றவர், “சீக்கிரம் ஆகட்டும்மா,” என்றார். மீண்டும் ஒருமுறை எண்ணினாள்.